எம்.பி. தேர்தலுக்கும் நம்ம சென்னைக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி | 16 மார்ச் 2024, மாலை

"தேதி அறிவித்துவிட்டார்கள், ஏப்ரல் 19. தண்ணீர் வரவில்லை என்றால் குடிநீர் வாரியம், குப்பை அள்ளவில்லை என்றால் கவுன்சிலர், பட்டா வேண்டுமென்றால் தாசில்தார். இதில் எம்.பி. எங்கே வருகிறார்? பிரதமர் யார் என்பது உ.பி.யிலும் பீகாரிலும் முடிவாகிற விஷயம். சென்னைக்காரன் வெயிலில் நின்று குத்துகிற ஓட்டால் என்ன ஆகப்போகிறது? புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள். – வில்லிவாக்கம் வாசகர்"

16 மார்ச், இரவு

தண்ணீர், குப்பை, பட்டா மூன்றுக்கும் எம்.பி.யைத் தேட வேண்டாம், சரி. ஆனால் ரயில், துறைமுகம், விமான நிலையம், மெட்ரோவுக்கான மத்தியப் பங்கு, புயல் நிவாரண நிதி இவற்றில் எதுவும் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் முடிகிற காரியம் இல்லை. கோட்டையிலும் முடியாது. டெல்லியில் கோப்பு நகர்ந்தால்தான் இங்கே மண்வெட்டி நகரும். வேளச்சேரியில் குடியிருப்பவன் என்பதால் இதைத் தினமும் பார்க்கிறேன். விவரமாக எழுத வேண்டும், நாளை வருகிறேன்.

17 மார்ச், காலை 7 மணி

விவரம் அப்புறம். முதலில் இது. பட்டியலில் பெயர் சேர்க்க இன்றுதான் கடைசி நாள். வேட்புமனு தாக்கலுக்குக் கடைசி நாள் மார்ச் 27. அதற்குப் பத்து நாள் முன்பு வரை வரும் விண்ணப்பங்களைத்தான் இந்தத் தேர்தலுக்கு எடுத்துக்கொள்வார்கள். புதிதாகச் சேர படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8. இணையத்திலேயே போடலாம். கையில் அட்டை இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு கிடையாது. இப்போதே பெயரைத் தேடிப் பாருங்கள்.

17 மார்ச், இரவு

"சென்னைக்காரன் சோம்பேறி, லீவு விட்டால் மகாபலிபுரம் போய்விடுவான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2019இல் மாநிலம் 72 சதவீதத்தைத் தாண்டியபோது தென் சென்னை 57ஐ ஒட்டித்தான் நின்றது. எண் உண்மை. காரணம் சோம்பேறித்தனம் மட்டும்தானா?

எங்கள் குடியிருப்பில் பாதிக்கு மேல் வாடகை வீடுகள். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தால் வேறு தெரு, வேறு தொகுதி. போன பொதுத்தேர்தலில் எங்கள் மாடியில் இருந்தவர்கள் இன்று பள்ளிக்கரணையிலோ தாம்பரத்திலோ இருப்பார்கள். பெயர் இன்னும் எங்கள் பூத்தில்தான் இருக்கும். ஊர்ப்பக்கமும் ஒரு பெயர் வைத்திருப்பவர்கள் உண்டு. தேர்தல் நாளில் இவர்கள் எல்லோரும் 'ஓட்டுப் போடாதவர்கள்' கணக்கில் விழுகிறார்கள். வகுக்கிற எண் பெரிதாக இருந்தால் சதவீதம் சிறிதாகத்தான் தெரியும். வராதவனைத் திட்டுவதற்கு முன்னால் பட்டியலைச் சரிபார்ப்பது நல்லது.

ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று நாள் சேர்ந்து லீவு. அந்தக் குற்றச்சாட்டையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது.

19 மார்ச்

பறக்கும் ரயிலுக்கு (உயரப் பாதையில் ஓடும் எம்.ஆர்.டி.எஸ்.) வருகிறேன். எம்.பி. எதற்கு என்று கேட்டவர் ஒரு தடவை வேளச்சேரி ஸ்டேஷனுக்கு வந்து பார்க்கட்டும்.

1997இல் கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வரை வந்த பாதை, வேளச்சேரியைத் தொட 2007 ஆனது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். வேலை 2008இல் தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் அரை கிலோமீட்டர் தூரத்துக்கு நிலம் கையகப்படுத்துவதில் வழக்கு வந்து, தூண்கள் அப்படியே நின்றன. அந்தத் தூண்களைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகிறார்கள். இந்த 5 கிலோமீட்டர் முடிந்தால் பரங்கிமலையில் புறநகர் ரயிலும் மெட்ரோவும் பறக்கும் ரயிலும் ஒரே இடத்தில் சேரும். தாம்பரத்திலிருந்து ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேருக்கு அது உதவும்!

போதாததற்கு, கடற்கரை–எழும்பூர் நாலாவது பாதைக்காகப் போன ஆகஸ்ட் 27 முதல் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்திவிட்டார்கள். ஏழு மாதம் என்றார்கள். இந்த மாதத்தோடு ஏழு மாதம் முடிகிறது. பாரிமுனைக்குப் போக வேண்டியவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டி தேடுகிறார்கள். நாலாவது பாதை தேவைதான், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் 'எப்போது முடியும்' என்று ரயில்வே அமைச்சரை எழுந்து கேட்கிற உரிமை கவுன்சிலருக்கு இல்லை, எம்.எல்.ஏ.வுக்கு இல்லை. எம்.பி.க்கு இருக்கிறது. மக்களவையில் நட்சத்திரக் கேள்வி போட்டால் அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்லியாக வேண்டும். துணைக் கேள்வியும் கேட்கலாம்.

நம் மூன்று எம்.பி.க்களும் ஐந்து வருடம் என்னென்ன கேட்டார்கள் என்பது மக்களவை இணையதளத்தில் பெயர்வாரியாக இருக்கிறது. ஓட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் அதைப் படியுங்கள்.

21 மார்ச்

மெட்ரோ பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள், மதிப்பீடு 63,246 கோடி. 2020 நவம்பரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா அடிக்கல் நாட்டினார். 2021 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் சென்னையோடு கொச்சி, பெங்களூரு, நாக்பூர், நாசிக் பெயர்களும் வந்தன. 2021 ஆகஸ்டில் மத்திய அரசின் பொது முதலீட்டு வாரியம் சென்னைத் திட்டத்தைப் பரிந்துரைத்தது. அந்தப் பட்டியலில் பெங்களூருக்கு ஒப்புதல் இருக்கிறது, கொச்சிக்கு 2022இல் கிடைத்தது, நாக்பூருக்கும் கிடைத்தது. சென்னைக்கு இன்றுவரை அமைச்சரவை ஒப்புதல் இல்லை. மாநில அரசு தன் பணத்தையும் வெளிநாட்டுக் கடனையும் வைத்துத் தோண்டிக்கொண்டிருக்கிறது. வடபழனியிலும் மயிலாப்பூரிலும் நீங்கள் சுற்றிப் போகிற ஒவ்வொரு தகரத் தடுப்புக்குப் பின்னாலும் இந்தக் கணக்கு ஓடுகிறது.

ஆகவே இரண்டு கேள்வி. தாமரைக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம்: உங்கள் அரசு பட்ஜெட்டில் சொன்னதை மூன்று வருடமாக ஏன் கையெழுத்துப் போடவில்லை? உதயசூரியனுக்குக் கேட்டு வருபவரிடம்: 39இல் 38 பேர் உங்கள் கூட்டணியிலிருந்து போனீர்களே, இதற்காக அவையில் என்ன செய்தீர்கள், அடுத்த ஐந்து வருடம் என்ன செய்வீர்கள்? இரண்டையும் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டால் அது கட்சிக்காரன் கேட்கிற கேள்வி.

22 மார்ச்

வில்லிவாக்கம் வாசகர் திரும்ப எழுதியிருக்கிறார்: "38 பேர் போயும் நடக்கவில்லை என்றால் நான் சொன்னதுதானே சரி?"

அவர் ஆதங்கம் நியாயமானது. ஆனால் எண்ணிக்கை எப்போது வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1999 ஏப்ரல் 17ஆம் தேதி, வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1998இல் 18 எம்.பி.க்களோடு போன அ.தி.மு.க. ஆதரவை விலக்கியது, வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் விழுந்தது. அதைச் சரி என்று நான் வாதாட வரவில்லை. தமிழ்நாட்டு எம்.பி. ஒருவர் எழுந்து நின்றால் டெல்லி திரும்பிப் பார்த்த காலம் இருந்தது; இனியும் வரலாம். எந்தப் பக்கமும் தனிப்பெரும்பான்மை இல்லாமல் போனால் ஒவ்வொரு தொகுதியும் எடை கூடும்.

இன்னொன்று, இதை யாரும் மேடையில் சரியாகச் சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. தொகுதி மறுவரையறை. 1962 வரை நமக்கு 41 மக்களவை இடங்கள், 1967இலிருந்து 39. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் இடத்தை இழந்தது. அப்புறம் 1971 கணக்கெடுப்போடு எண்ணிக்கையை நிறுத்தி வைத்து, 2001இல் 84ஆவது திருத்தத்தின் மூலம் 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தார்கள். இப்போது தேர்ந்தெடுக்கப் போகிற அவையின் காலம் 2029 வரை. 2026 அதற்குள் வருகிறது. நம் பேரப்பிள்ளைகளுக்கு டெல்லியில் எத்தனை நாற்காலி என்ற பேச்சு இந்த அவை இருக்கும்போதே எழும். எந்தக் கட்சிக்குப் போட்டாலும் சரி, இதைப் படித்து, எண்களோடு பேசத் தெரிந்தவரைப் பார்த்து அனுப்புங்கள்.

23 மார்ச்

சின்னக் குறிப்பு. நங்கநல்லூர்க்காரர் ஒருவர் தென் சென்னை வேட்பாளர்களைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். சார், உங்கள் ஆலந்தூர் சட்டமன்றத் தொகுதி ஸ்ரீபெரும்புதூரில் வருகிறது. அம்பத்தூரும் மதுரவாயலும் அப்படித்தான். மாதவரம் திருவள்ளூரில். தென் சென்னை என்றால் விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தியாகராய நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் ஆறும்தான்.

26 மார்ச்

கட்சிகளைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டார்கள்.

போன செப்டம்பரில் அ.தி.மு.க. பா.ஜ.க.வை விட்டுப் பிரிந்தது. அதனால் இந்த முறை மூன்று அணி, நாம் தமிழர் தனி. தி.மு.க. அணியில் காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் 9, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் சிறுத்தைகளுக்கும் தலா 2, ம.தி.மு.க., முஸ்லிம் லீக், கொங்கு கட்சிக்குத் தலா 1, மீதி 21 தி.மு.க. அ.தி.மு.க.வோடு தே.மு.தி.க., புதிய தமிழகம், எஸ்.டி.பி.ஐ. பா.ஜ.க.வோடு பா.ம.க., த.மா.கா., அ.ம.மு.க. மக்கள் நீதி மய்யம் போட்டியிடாமல் தி.மு.க. அணிக்கு ஆதரவு. விஜய் பிப்ரவரியில் கட்சி அறிவித்தாலும் தன் இலக்கு 2026 சட்டமன்றத் தேர்தல் என்று சொல்லிவிட்டார்.

சென்னையின் மூன்று இடத்திலும் உதயசூரியன்தான். வடக்கே கலாநிதி வீராசாமி, எதிரில் அ.தி.மு.க.வின் ராயபுரம் மனோ, பா.ஜ.க.வின் பால் கனகராஜ். மத்தியில் தயாநிதி மாறன், பா.ஜ.க.வின் வினோஜ் செல்வம், முரசு சின்னத்தில் தே.மு.தி.க.வின் பார்த்தசாரதி. தெற்கே தமிழச்சி தங்கபாண்டியன், தெலங்கானா ஆளுநர் பதவியை ராஜினாமா செய்துவிட்டு வந்திருக்கிற தமிழிசை, 2014இல் இதே தொகுதியில் ஜெயித்த ஜெயவர்தன். இது உண்மையிலேயே நல்ல போட்டி. மூன்று பேரும் தெரிந்த முகங்கள், படித்தவர்கள், நாடாளுமன்றத்திலோ அரசுப் பதவியிலோ இருந்து பார்த்தவர்கள். 2019இல் இங்கே மய்யத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. அந்த வாக்காளர்கள் இப்போது எங்கே போவார்கள் என்பதுதான் எங்கள் தெரு டீக்கடையில் பேச்சு.

நாம் தமிழர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாற்பதில் இருபது பெண்களை நிறுத்துகிறார்கள், 2019இலும் அப்படித்தான். பெண்கள் இட ஒதுக்கீட்டுச் சட்டம் போன செப்டம்பரில் நிறைவேறியபோது கைதட்டிய பெரிய கட்சிகள், சட்டம் அமலுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன? அவர்களின் மற்ற கொள்கைகளோடு எனக்குப் பெரிய உடன்பாடு இல்லை. இந்த விஷயத்தில் மதிக்கிறேன். கரும்பு விவசாயி சின்னம் கைவிட்டுப் போய் இப்போது மைக் கிடைத்திருக்கிறது.

31 மார்ச்

இறுதிப் பட்டியல் வந்துவிட்டது. தென் சென்னையில் 41 பேர், வட சென்னையில் 35, மத்திய சென்னையில் 31. ஓட்டு மெஷின் ஒன்றில் 16 பொத்தான். நோட்டாவையும் சேர்த்தால் தெற்கிலும் வடக்கிலும் மூன்று மெஷின், மத்தியில் சரியாக இரண்டு. கரூரில் 54 பேராம்.

6 ஏப்ரல்

எண்ணூர் நண்பர் எழுதியதைப் படித்தேன். "நீங்கள் ரயில், மெட்ரோ என்கிறீர்கள். எங்களுக்கு மூச்சு விடுவதே பிரச்னை." டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. மீனவர்கள் கையால் வாளியில் அள்ளினார்கள். அந்த மாதமே 26ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்தில் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். வட சென்னையில் துறைமுகமும் எண்ணெய் சுத்திகரிப்பும் மத்திய அரசின் கையில், அனல் மின்நிலையங்களில் மாநில அரசுக்கும் பங்கு உண்டு. இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. இந்த இழையில் அதைப் பின்னால் தள்ளியிருக்கக் கூடாது. வட சென்னை வாக்காளர்களுக்கு முதல் கேள்வியே இதுதான்.

வெள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 4 காலையில் எங்கள் தரைத்தளத்தில் தண்ணீர் மாடிப்படியின் நான்காவது படிவரை நின்றது. குளிர்சாதனப் பெட்டி மல்லாந்து மிதந்தது. மூன்றாம் நாள்தான் வடிந்தது. பால் பாக்கெட் படகில் வந்தது. ரேஷன் கடையில் மாநில அரசு 6,000 ரூபாய் கொடுத்தது. வரிசையில் நின்று வாங்கினேன். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து கேட்டது இன்னும் வரவில்லை. சென்னை வெள்ளத்துக்கும் தென் மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்துச் சுமார் 37,900 கோடி கேட்டு, கிடைக்காமல், இப்போது மாநில அரசு உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. கேட்டது அதிகம் என்றால் எவ்வளவு சரி என்று சொல்லிக் கொடுக்கட்டுமே. நாலு மாதமா ஆகும்?

மழைநீர் வடிகால் மாநகராட்சி வேலை, அதில் தவறு இருக்கிறது, அதை 2026க்கும் அடுத்த மாநகராட்சித் தேர்தலுக்கும் வைத்துக்கொள்வோம். இதற்கும் அதற்கும் வேறு வேறு பெட்டி.

10 ஏப்ரல்

நேற்றுப் பிரதமர் பாண்டி பஜாரில் ரோடு ஷோ வந்தார். பனகல் பூங்காவிலிருந்து தேனாம்பேட்டை வரை. கூட்டம் ஓட்டாகுமா என்று இங்கே சண்டை நடக்கிறது. தெரியாத விஷயத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை?

எங்கள் தெருவுக்கும் ஒரு கட்சியினர் வந்தார்கள். நோட்டீஸ் கொடுத்த தம்பியிடம், பரங்கிமலைப் பாதைக்கு உங்கள் வேட்பாளர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அண்ணன்கிட்ட சொல்றோம் சார்" என்று நகரப் பார்த்தான். பின்னால் வந்த பெரியவர் நின்றார். வழக்கு எந்த வருடம் முடிந்தது, எந்த இடத்தில் கர்டர் வைக்கிறார்கள், ஸ்டேஷன் எங்கெங்கே என்று வரிசையாகச் சொன்னார். தோளில் கட்சித் துண்டு, காலில் தேய்ந்த செருப்பு. இப்படி விஷயம் தெரிந்தவர்கள் எல்லாக் கட்சியிலும் தெருவில் நடக்கிறார்கள். மேடையில் ஏறுகிறவர்கள் கச்சத்தீவு 1974இல் யார் கொடுத்தது என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

12 ஏப்ரல்

அப்பா இந்த வாரம் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட்டார். வயது 87. இந்த முறை 85க்கு மேல் இருந்தால் 12டி படிவம் கொடுத்து அப்படிப் போடலாம். முன்பு 80ஆக இருந்தது. பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அம்மையார் மார்ச்சிலேயே படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார்.

அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுப்பவர் என்று ஒரு குழு வந்தது. சாப்பாட்டு மேசையில் அட்டைத் தடுப்பை நிறுத்தினார்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவையே அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். 41 பெயரையும் மேலிருந்து கீழே படித்தார், அவசரமே இல்லை. பேனாவால் குறித்து, சின்ன உறையில் போட்டு ஒட்டி, உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டு, இரண்டையும் பெரிய உறையில் வைத்தார். கை நடுங்கியதால் கையெழுத்து மட்டும் கோணல். யாருக்குப் போட்டார் என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், வாயைத் திறக்கவில்லை.

1967இல் தென் சென்னையில் அண்ணாவுக்கு ஓட்டுப் போட்டவர் அவர். ஜெயித்த அண்ணா முதலமைச்சராவதற்காக அந்த இடத்தை விட்டார். இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார். அந்தக் கதையை அலுவலர்களுக்கும் சொல்லித்தான் அனுப்பினார்.

15 ஏப்ரல்

எல்லா அறிக்கையும் வந்துவிட்டன, பா.ஜ.க.வுடையது நேற்று. தி.மு.க. காஸ் 500, பெட்ரோல் 75, நீட் விலக்கு என்கிறது. அ.தி.மு.க. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 3,000. காங்கிரஸ் ஏழைக் குடும்பப் பெண்ணுக்கு வருடம் ஒரு லட்சம், சாதிவாரிக் கணக்கெடுப்பு. பா.ஜ.க. உலகமெங்கும் திருவள்ளுவர் பண்பாட்டு மையம், தெற்கே புல்லட் ரயில். என் ஆசை சின்னது. தெற்கே புல்லட் ரயில் வருவதற்குள் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஒரு ரயில் வரட்டும்.

எம்.பி. நிதி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். வருடத்துக்கு 5 கோடி, ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் சேர்த்து. கொரோனாவில் அதையும் நிறுத்தி, 2021 நவம்பரில்தான் திரும்பக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் கட்டிய பஸ் நிறுத்தத்தை எண்ணி எம்.பி.யை அளக்காதீர்கள்.

18 ஏப்ரல், இரவு

கேட்டவற்றுக்கெல்லாம் பதில்.

பூத் ஸ்லிப் அடையாள ஆவணம் ஆகாது. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் இவற்றில் ஒன்று போதும். செல்போன் பூத்துக்குள் கூடாது. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

உங்கள் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டால் சண்டை போட்டுத் திரும்பி வராதீர்கள். 49பி (49P) விதி என்று கேளுங்கள். நீங்கள்தான் அவர் என்று நிரூபித்தால் காகிதச் சீட்டு தந்தாக வேண்டும்.

"மூன்று மெஷினில் என் சின்னத்தை எங்கே தேட?" இடமிருந்து வலம். அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சி வேட்பாளர்கள் பெயரின் அகர வரிசையில் முதலில், அடுத்துப் பதிவு செய்த மற்றக் கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள், அதற்கும் கடைசியில் நோட்டா. பெயர் குழம்பினால் படத்தைப் பாருங்கள். ஒன்றில் அழுத்திய பிறகு மற்ற இரண்டும் வேலை செய்யாது. பக்கத்துப் பெட்டியில் ஏழு நொடி சீட்டு தெரியும். நீங்கள் அழுத்திய சின்னம்தானா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

காலை 7 முதல் மாலை 6 வரை. 6 மணிக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பார்கள், எத்தனை மணி ஆனாலும் போட்டுவிட்டு வரலாம். வில்லிவாக்கம் வாசகருக்கு: உங்கள் தொகுதி மத்திய சென்னை, மெஷின் இரண்டுதான்.